வந்த வீட்டுக்குத் திரும்பிய சூரி

ஆவணி 3, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை. காற்று ஓயவில்லை. மாடியில் காயப்போட்ட மோர்மிளகாய் பாதி பக்கத்து வீட்டு மாடியில். அந்த வீட்டுக்காரி பொறுக்கித் தரவில்லை. போன வருஷமும் தரவில்லை.

பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. சாம்பாரில் உப்பே கிடையாது. மருமகளைக் கேட்டால், "டாக்டர் கொறைக்கச் சொல்லியிருக்காரு அத்தை" என்கிறாள். எனக்கு எந்த டாக்டரும் சொல்ல வேண்டாம். ஒரு டாக்டரோடு ஒரே வயிற்றில் பிறந்து படுகிற பாடு போதும்.

அவன்தான் வருகிறான். என் தம்பி மந்திரமூர்த்தி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழாவாம். நான் பார்க்கட்டும் என்று என் மகன் வேல்ச்சாமி அழைப்பிதழை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான். 'இதயத்தை நிறுத்தித் தைத்து மறுபடி துடிக்க வைத்த முன்னோடி.' 'மாட்டின் நெஞ்சுச் சவ்வில் வால்வு செய்து ஏழைகளுக்கு உயிர் கொடுத்தவர்.' ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், இருந்தாலும் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தேன். அடியில் விழாக்குழுத் தலைவர்: சுரேஷ்.

சுரேஷ் யார்? செ.யின் பேரன். செ. யார்? என் வீட்டுக்காரரைக் குத்திக் கொன்றவன். முழுப் பெயரை எழுத மாட்டேன். சாமி பெயரும் எழுதுகிற தாள் இது. ஊரை விட்டு இங்கே சங்கரன்கோவிலுக்கு வந்தோம். அந்தக் கூட்டமும் இதே தெருவுக்கு வந்து சேர்ந்தது.

சாப்பிடும்போது வேல்ச்சாமி மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா நம்ம வீட்டுலதான் சாப்புடணும்னு போன்ல சொல்லுதாரும்மா."

"சாப்புடட்டும். பின்னால நாய்க்கு வைக்கிற தட்டு கெடக்குல்லா, கழுவிப் போடு."

"இன்னும் எத்தன நாளைக்கும்மா? ஒனக்கும் வயசாவுது."

"அவன் செஞ்சதுக்கு வயசாவட்டும். பொறவு பாப்போம்."

வேல்ச்சாமிக்கு மீசை முளைக்காத காலத்தில் நிறுத்திய பேச்சு.

ஆவணி 4, புதன்

கேஸ் வந்தது. குக்கர் வளையம் போய்விட்டது, யாரும் வாங்கி வரவில்லை.

விழா மலரில் போட டாக்டரின் சின்ன வயசுக் கதை வேண்டுமாம். 'அக்காதான வளத்தாக, அவுகள்ட்ட கேளுங்க' என்று சுரேஷ் சொல்லி அனுப்பியிருக்கிறான். கொழுப்பு. வேல்ச்சாமி பேனாவோடு வந்து உட்கார்ந்தான்.

"எழுது. கொலகாரன் நெஞ்ச ரெண்டு தடவ தச்சவன்."

பேனாவை மூடிக்கொண்டு எழுந்துபோனான். அவனுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குருவிகுளம் பக்கம். கரிசல். மழை பெய்தால் பருத்தி, இல்லாவிட்டால் பட்டினி. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கிடா வெட்டினார்கள். மந்திரம் அப்போது சின்னப் பையன், டவுசர் இடுப்பில் நிற்காது. கறி உரிக்கிற இடத்தில் காணோம் என்று தேடினால், சோறு வடிக்கிற அடுப்புக்குப் பின்னால் குந்தியிருக்கிறான். முழங்கைவரை ரத்தம். உள்ளங்கையில் கிடாயின் இதயம். துடித்துக்கொண்டிருக்கிறது.

"எக்கா, தலய வெட்டியாச்சி. இது இன்னும் ஏன் அடிக்கி?"

அவனுக்குப் பயம் இல்லை. எனக்குத்தான் வாந்தி.

சாமிக்குப் படைக்க வேண்டியதைத் தொட்டுவிட்டான் என்று பெற்ற ஐயாவே மாட்டுச் சாட்டையால் விளாசினார். முதுகுத் தோல் உரிந்து தொங்கியது. நடுவில் விழுந்த எனக்கும் கிடைத்தது. இடது தோளில் தழும்பு இருக்கிறது, குளிக்கும்போது தடவினால் தட்டுப்படும். அத்தனை அடியிலும் அவன் கையைத் திறக்கவில்லை. ஐயா விரலைப் பிரித்துப் பிடுங்கி நாய்க்கு எறிந்தார். "நின்னு போச்சி, நின்னு போச்சி" என்று அதற்குத்தான் அழுதான். அடிக்கு இல்லை.

நான் பருத்தி எடுத்தேன், அவன் படித்தான். மதுரையில் டாக்டருக்குப் படிக்கப் போனபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. உள்ளூரிலேயே.

இதை மலரில் போடுவார்களா? மாட்டார்கள். கோட்டு மாட்டிப் பல்லைக் காட்டும் போட்டோதான்.

ஆவணி 6, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். சூரிக்கு எண்ணெய் போட்டேன்.

வெள்ளிக்கிழமை தவறாத வேலை. டிரங்குப் பெட்டியில், என் வீட்டுக்காரருடைய கல்யாண வேட்டியில் சுற்றி இருக்கிறது. மான்கொம்புப் பிடி, ஒரு சாண் கத்தி. செ. வீட்டுச் சூரி. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பகையாளி இரும்பு உடம்பில் நிற்க உயிர் போகக் கூடாது. பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கினதை வீட்டில் வைத்திருக்க வேண்டும், வந்த வீட்டுக்கே அது திரும்பும்வரை. போலீசுக்கு என் மாமனார் வேறொரு கத்தியில் கோழி ரத்தம் தடவிக் கொடுத்தார்.

பேரன் போனை நோண்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவர் பெயர்தான் அவனுக்கு. அதனால் நான் வாயால் சொல்வதில்லை, ராசா என்பேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான்.

"ஆச்சி, இது என்னைக்குத் திரும்பும்?"

"ஒங்கப்பன் ஆம்பளையா இருந்தா எப்பமோ திரும்பியிருக்கும் ராசா."

அன்றைக்கு நடந்ததில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. கிணறு பொதுவில். எங்களுக்குப் பாதி, செ. வீட்டுக்குப் பாதி. செ. அவருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. எங்கள் முறை நாளில் அவன் மோட்டாரைப் போட்டான். அவர் போய் அணைத்தார். வாய்ப்பேச்சு. சட்டையைப் பிடித்தார்கள். செ. இடுப்பிலிருந்து சூரியை உருவினான். இடது மார்புக்குக் கீழே ஒரே குத்து, பிடிவரைக்கும். ஓடிவிட்டான்.

நான் பிள்ளைத்தாய்ச்சி. கஞ்சிக் கலயத்தோடு வருகிறேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார், பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ரத்தம் அதிகம் இல்லை. "ஒண்ணுமில்லட்டி, பயப்படாத" என்றார். பேசினார். நன்றாகப் பேசினார்.

மந்திரம் லீவுக்கு வந்திருந்தான். ஓடிவந்தான்.

"பிடுங்காதிய மாமா! அதுதான் ஓட்டைய அடைச்சிக்கிட்டு இருக்கு! பிடுங்கினா செத்துருவாக!"

என் மாமனார் அவனை நெஞ்சில் எட்டி உதைத்தார். "எம் மவன் அந்த நாய் வீட்டு இரும்போட போவணுமாலே?"

பிடுங்கினார்.

குழாய் உடைந்த மாதிரி. மாமனார் முகத்தில், என் கஞ்சியில், வரப்பில். மந்திரம் விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்து வந்து ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டான். முழு விரலும் உள்ளே. பீய்ச்சியது நின்றது. அந்த வழியாகப் பருத்தி லாரி. மூட்டை மேல் அவர், அவர் மேல் கவிழ்ந்தபடி இவன், தலைமாட்டில் நான். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழி முழுக்க மந்திரத்துக்கு ஒரே பேச்சு.

"விரல்ல அடிக்கிக்கா. அடிக்கிக்கா. அடிக்கி."

பனவடலிசத்திரத்துப் புளியமரங்கள் வந்தபோது சொல்வதை நிறுத்தினான்.

விரலை எடுக்க மாட்டேன் என்றான். ஆட்கள் தோளைப் பிடித்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

ஆவணி 7, சனி

பால் திரிந்துவிட்டது. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். மந்திரம் ஆள் உயரத்துக்குச் சிரிக்கிறான். அவன் காலடியில் மாலையோடு குனிந்து செ. மேலே எழுத்து: 'எங்கள் குலதெய்வமே! எங்கள் மாமாவே!'

எங்கள் மாமாவா?

அந்த விரலோடுதான் மந்திரம் மெட்ராசுக்குப் போனான், வெளிநாடு போனான், திரும்பி வந்தான். இதயத்தில் கத்தி வைக்க நம் ஊரில் எல்லாரும் நடுங்கிய காலம். முதலில் கைவைத்த பிள்ளைகள் மேசையிலேயே செத்தன. ஒரு பிள்ளையின் அப்பன் ஆஸ்பத்திரி வாசலில் மறித்து, இடது மோதிர விரலைப் பின்பக்கமாக மடக்கி முறித்தான். இன்னும் கோணல்தான். அது கூடுவதற்குள் மந்திரம் இன்னொரு பிள்ளையின் நெஞ்சைப் பிளந்தான். அது பிழைத்தது. வெளிநாட்டு வால்வு நம் ஆட்களுக்கு எட்டாது என்று விடிகாலையில் வாளியோடு கசாப்புக்காரரிடம் போவான். மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வை உரித்து, மருந்தில் ஊறப்போட்டு, வெட்டித் தைத்து வால்வாக்குவான். 'மாட்டு டாக்டர்' என்று சுவரில் கரியால் எழுதினார்களாம். நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுப்பான் என்று கேட்ட அன்றைக்கு எங்கள் அம்மா சோறு திங்கவில்லை. எனக்குப் பெருமை. அப்போது பேச்சு இருந்தது.

செ. ஜெயிலிலிருந்து வந்தான். மூச்சு வாங்கியது. வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். நேரே மெட்ராசுக்குப் போய் என் தம்பியின் மேசையில் படுத்தான். மந்திரம் அவன் நெஞ்சைப் பிளந்து, மாட்டு வால்வு வைத்து, மூடி அனுப்பினான்.

கேள்விப்பட்டதும் வேல்ச்சாமியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்சுகள் பார்க்க, மந்திரத்தை அறைந்தேன். கண்ணாடி விழுந்தது. மிதித்தேன்.

"மொகத்தத் துணி போட்டு மூடிருவாகக்கா. நெஞ்சு மட்டுந்தான் தெரியும்."

"பேரு தெரியும்லா?"

குனிந்து கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினான்.

"எம் பொணத்துக்கு ஒங் கோடி வரப்படாது. கொண்டாந்தேன்னா எந்திரிச்சி உக்காந்து கிழிச்சிப் போடுவேன்."

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எங்களில் ஒரு பெண்ணைத் தூக்க மாட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் அவன் ஒருத்தன்தான். தெரிந்துதான் சொன்னேன்.

மாட்டு வால்வு தேய்ந்து செ. மறுபடி போனான். மறுபடி தைத்தான். அதையும் மறக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் சத்தம். பேரனும் சுரேஷும்.

"ஏலே, இத அவுத்து வேற எங்கனயாவது கட்டு. இது எங்க வாசல்."

"ரோட்ட ஒங்க தாத்தாவா போட்டாரு?"

"எங்கப்பாவோட மாமாவ நீ எப்படில மாமாங்க?"

சுரேஷ் சிரித்தான். "எங்க தாத்தாவுக்கு ரெண்டு தடவ உசிரு குடுத்தாரு. ஒங்க தாத்தாவுக்கு ஒரு தடவகூடக் குடுக்க முடியல. யாருக்கு மாமான்னு நீயே சொல்லு வே."

கயிறு பிடித்துக்கொண்டிருந்த பயல்களும் சிரித்தார்கள்.

பேரன் திரும்பி நடந்தான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான். சத்தமில்லாமல் சாத்தினான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவணி 9, திங்கள்

நேற்று எழுதவில்லை. விரல் மடங்கவில்லை. இன்றும் எழுத்து கோணல்.

நடந்தபடி எழுதுகிறேன். ஞாயிறு காலை, நல்ல வெயில். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே தண்ணீர் குடிக்கப் போனால் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. வேட்டி தரையில்.

ஓடினேன். இந்த முழங்காலோடு.

ஃப்ளெக்ஸ் நடுவில் கிழிந்து மந்திரத்தின் முகம் பாதி காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. சுரேஷ் ஹெல்மெட்டால் பேரன் வாயில் அடித்தான். பல் ஒன்று ரோட்டில் விழுந்ததைப் பார்த்தேன். மறுபடி அடித்தான், மூக்கில். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது பேரன் குனிந்து உள்ளே நுழைந்தான். இடது பக்கம். பிடிவரைக்கும்.

சுரேஷ் ரோட்டில் உட்கார்ந்தான். பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவர் உட்கார்ந்த அதே மாதிரி.

பேரன் தன் கையைப் பார்த்தான். பிறகு சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தான்.

கூட்டம். 'கோயில் புற்றுமண் அப்புங்க' என்று ஒருத்தி. 'போலீஸ், போலீஸ்' என்று ஒருத்தன். போன் எடுத்துப் படம் பிடிக்கிறவன் நாலு பேர். "கோட்டிப்பய மக்கா, ஆம்புலன்சுக்குப் போன் போடுங்கல" என்று கத்தினேன். வேல்ச்சாமி போட்டான்.

அதற்குள் கம்பை ஊன்றிக்கொண்டு செ. வந்துவிட்டான். கம்பை எறிந்துவிட்டு மண்டி போட்டான். பிடியைப் பார்த்தான்.

"இது எங்க ஐயா சூரிலா."

கை போய்ப் பிடியைப் பிடித்தது. பிடுங்கத்தான். அவனும் எங்கள் ஆள்தானே, அதே வழக்கம்.

என் வாய் திறந்தது. "தொடாத!"

கிணற்றுக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் சொல்.

"ஒன் வீட்டு இரும்புதான். திருப்பிக் குடுத்தாச்சி. பிடுங்கினா ஒம் பேரன் இங்கனயே செத்தான்."

"நீ யாருட்டி சொல்லுததுக்கு? பகையாளி கைபட்ட இரும்போட எம் பிள்ள போவணுமோ?"

இழுக்கப் பார்த்தான். ரோட்டில் கிடந்த அவன் கம்பையே எடுத்து மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. ஊளையிட்டான். இன்னொன்றும் போட்டேன், அது தேவையில்லை, இருந்தாலும் போட்டேன். பிறகு மண்டியிட்டு முந்தானையைச் சுருட்டிக் கத்தியைச் சுற்றி அணைத்து, பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். சுரேஷின் அம்மா பின்னாலிருந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். "கொல்லுதா, கொல்லுதா!" யாரோ விலாவில் மிதித்தார்கள். நான் விடவில்லை.

"ஆச்சி" என்றான் சுரேஷ். உதடு வெளுத்துவிட்டது.

"பேசாத. மூச்ச மெதுவா விடு, சவத்து மூதி."

ஆட்டோ வந்து நின்றது. மந்திரம். என் வீட்டில் சாப்பிட வந்தவன். தலை முழுக்க நரை, முதுகு கூன். கூட்டம் வழிவிட்டது. பிடியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். அவன் கை நடுங்கியது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பின்னால் கட்டிக்கொண்டான்.

"உள்ள தள்ளாதக்கா. வெளியவும் இழுக்காத. அவன் அசைஞ்சா நீயும் கூட அசையணும்."

ஆம்புலன்சில் நானும் ஏறினேன், கையை எடுக்க முடியாதே. இங்கே ஆஸ்பத்திரியில் ஊசியும் குளுக்கோசும் ஏற்றி உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மந்திரம் போனில். "தியேட்டரத் தயார் பண்ணு. நெஞ்சத் தெறக்கணும். ரத்தம் எடுத்து வை. கத்தி உள்ளதான் இருக்கு, யாரும் எடுக்கல." அன்றைக்கு நெஞ்சில் உதைத்தார்கள். நேற்று அந்தப் பக்கத்திலிருந்து சரி சார், சரி சார் என்று கேட்டது.

கை மரத்துவிட்டது. மந்திரம் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டான். அந்தக் கோணல் விரல். நடுக்கம் இரண்டு பேருக்கும் சேர்ந்து நின்றது. மான்கொம்புப் பிடி உள்ளங்கையில் குதித்தது.

"அடிக்கி" என்றேன்.

தலையை ஆட்டினான்.

"அடிக்கில. அடிக்கி."

பனவடலிசத்திரம். புளியமரங்கள் இல்லை, ரோட்டை அகலமாக்கும்போது வெட்டிவிட்டார்கள். இருந்தாலும் இடம் எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். வெளியே பார்க்கவில்லை, பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்தது. பனவடலிசத்திரத்தைத் தாண்டினோம். அவர் தாண்டவில்லை.

தியேட்டர் வாசலில் நர்சுகள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். அறுத்தவள் ஒரு பெண் டாக்டர், மந்திரத்திடம் படித்தவளாம். இவன் வெளியே பெஞ்சில், சட்டையெல்லாம் ரத்தத்தோடு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வந்து சொன்னாள். பிழைப்பான்.

சுரேஷுக்காகப் பிடிக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். அவன் செத்தால் என் பேரன் கொலைகாரன். செ.யும் அவனும் ஒன்று. அதற்காகப் பிடித்தேன்.

விழா நடக்கவில்லை.

ஆவணி 11, புதன்

சுரேஷ் கண் திறந்தானாம். கஞ்சி கேட்டானாம். செ.க்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. சந்தோஷம்.

பேரன் ஜெயிலில். வாயில் தையல். வேல்ச்சாமி பார்த்துவிட்டு வந்தான். "ஆச்சி கை எப்படியிருக்குன்னு கேட்டான்" என்றான். சட்டையைக் கழற்றிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனான். மருமகள்தான் பேசினாள்.

"வாரா வாரம் எண்ணெ போட்டு வளத்தது அத்தைதான. இப்பம் எம் பிள்ள உள்ள கெடக்கான்."

தட்டைச் சோற்றோடு சுவரில் எறிந்தேன். அவளும் விடவில்லை, செம்பை எறிந்தாள். என்மேல் படவில்லை, படவேண்டும் என்று எறியவும் இல்லை. பிறகு இரண்டு பேரும் தரையைத் துடைத்தோம். தட்டு நசுங்கிவிட்டது.

சூரியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை சரியான கத்தியைத்தான் கொடுத்தோம். வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஆவணி 12, வியாழன்

தூறல். ஒருவழியாக.

மத்தியானம் மந்திரம் வந்து வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

"உள்ள வரலாமாக்கா?"

"பாதி வந்தாச்சில்லா."

நாய்த் தட்டைத் தேடினேன், மருமகள் ஒளித்துவிட்டாள். நசுங்கின தட்டில் போட்டேன். குழம்பு ஒரு பக்கமாக ஓடியது. தட்டைச் சாய்த்துப் பிசைந்தான்.

"உப்பே இல்லயேக்கா."

"எல்லாம் ஒங்க டாக்டருங்க சொன்னதுதான்."

சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து கேட்டேன். "அந்தக் கொலகாரன மறுபடி கொண்டாந்து படுக்கப் போட்டா தைப்பியா?"

"கை ஆடுதே. இல்லன்னா தைப்பேன்."

"பேரு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்."

கரண்டியால் தலையில் ஒன்று வைத்தேன். கண்ணாடி விழவில்லை. பிடித்துக்கொண்டான், பழக்கம்.

போகும்போது ஒரு பையை நாற்காலியில் வைத்தான். "ஒஞ் சேல அன்னைக்கு ரத்தத்துல போச்சில்லா. அதான்."

"கோடியாலே?"

"உசிரோட கட்டுத சேலக்கா."

பிரித்துப் பார்த்தேன். ஊதா. நான் என்றைக்கு ஊதா கட்டினேன்? பச்சைக் கரை போட்டதாக மாற்றி வாங்கி, அவன் கையாலேயே கொண்டுவந்து தரச் சொல்லிவிட்டேன்.